மலையேறி வந்த மாப்பிள்ளை என்னும் கதை

கொழிஞ்சாம்பாறை
2-1-1934

சேசு மரி சூசை துணை.

தேவிகுளம் எஸ்டேட் பள்ளிக்கூடத்து ஆசிரியை கத்தரீனாள் அவர்களுக்கு, ‘நல்லூற்று’ மாதப் பத்திரிகையின் பத்திராதிபர், அச்சுக்கோப்பவர், மிஷின் மிதிப்பவர், தபால்தலை ஒட்டுபவர் ஆகிய நால்வர் சார்பிலும் பாஸ்கல் எழுதுவது.

கட்டுரை வந்து சேர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெண் பார்க்க நாங்கள் மலையேறி வந்தபோது, உங்கள் அப்பா சிலுவைராஜ் கங்காணி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “பத்திரிகைன்னா அதுல என்ன வரும்?” என்பது. “கட்டுரை வரும்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, “நான் ஒண்ணு எழுதித் தரட்டுமா?” என்று கேட்டீர்கள். அந்த நிமிஷமே எனக்குச் சம்மதம். கட்டுரைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கல்யாணம் பிப்ரவரி 12, திங்கட்கிழமை என்று என் அம்மா முடிவு செய்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் விட்டு மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். அண்ணனோ மார்ச் மாதம் ரங்கூன் கப்பல் ஏறுகிறார். அவர் திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. பெரிய பிள்ளை இல்லாமல் சின்னப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்ய அம்மா ஒருநாளும் ஒப்பமாட்டார்கள். ஜனவரி 21 தொடங்கி மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கு இன்னார் மகளைக் கட்டப் போகிறோம், தடை தெரிந்தவர் எழுந்து சொல்லலாம் என்று உங்கள் கோயிலிலும் எங்கள் கோயிலிலும் சாமியார் கேட்பார். யாருக்கு என்ன தடை இருக்கப் போகிறது!

இனி பத்திராதிபர் பேசுகிறார். நீங்கள் படித்த கதைகளைப் பற்றிய கட்டுரையில், கதைகளின் பெயருக்கெல்லாம் அடியில் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறீர்கள். இங்கிலீஷ் அச்சுக்கூடமாக இருந்தால், கோடு போட்டதைச் சாய்ந்த எழுத்தில் கோத்துவிடுவார்கள். என்னிடம் இருப்பது கோயமுத்தூரில் பழசாக வாங்கிய ஒரே ஜாதி எழுத்து. பெரிதும் இல்லை, தடித்ததும் இல்லை, சாய்ந்ததும் இல்லை. தேய்ந்தது வேண்டுமானால் நிறைய உண்டு. ஆகவே பெயர்களை மற்ற எழுத்தைப்போலவே சும்மா கோக்க அனுமதி வேண்டும்.

இங்ஙனம்
பாஸ்கல்


தேவிகுளம்
6-1-1934

சேசு மரி சூசை துணை.

நல்லூற்று பத்திராதிபர் அவர்களுக்கு வணக்கம்.

உறையின்மேல் உங்கள் பெயரை எழுதியது என்னோடு பள்ளியில் இருக்கும் ரோசி. நான் எழுதப் போனபோது அம்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். “கட்டிக்கப் போறவன் பேர எழுதுவாளாக்கும்?” என்று ஒரே சத்தம். ஆகவே இனி நீங்கள் எனக்குப் பத்திராதிபர்தான். பேர் சொல்லாமல் பேர் சொல்லும் வித்தை எங்களுக்குப் பழக்கம்தான். உங்களுக்கு அது வராது போலிருக்கிறதே என்றுதான் கவலை.

அனுமதி கிடையாது. தமிழில் இங்கிலீஷைப் போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இல்லை. எது பேர், எது பேச்சு என்று காட்ட ஒரு அடையாளமும் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ‘அடுத்த வீட்டு அத்தை’யை ஒரு தடவை கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது என்று எழுதியிருக்கிறேன். கோடு இல்லாமல் படிக்கிறவர் அத்தையின் எடையைப் பற்றியல்லவா யோசிப்பார்? ‘உப்பில்லாத விருந்து’ எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது என்றும் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலைப் பற்றி உங்கள் அம்மா என்ன நினைப்பார்கள்? மூன்றாவது கதையை நான் நன்றாகத் திட்டியிருக்கிறேன். திட்டுகிறது எதை என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் வரிக்கு வரி ‘கதை’, ‘புத்தகம்’ என்றுதான் எழுதியிருந்தேன். பிள்ளைகளின் வியாசம் மாதிரி இருந்ததால் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். தலைப்பையும் ‘மழைக்காலத்தில் எனக்கு வாய்த்தவை’ என்று மாற்றினேன். அழகாக இல்லையா? அந்த அழகு நிற்பது சிவப்புக் கோட்டின்மேல். கோட்டை எடுத்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கல்யாணத் தேதியைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை. இதை அம்மா அடுப்படிக்குப் போன சமயம் எழுதினேன்.

சி. கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
11-1-1934

சேசு மரி சூசை துணை.

கத்தரீனாள் டீச்சருக்கு,

ஆட்சேபம் இல்லை என்று எழுதிய வரியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். மற்ற வரிகள் அச்சுக்கூடத்தில் என்னைப் படுத்துகிற பாட்டைக் கேளுங்கள்.

முதலில் பெயர்களின் முன்னும் பின்னும் நட்சத்திரம் போட்டேன். ப்ரூபைப் பார்த்த அம்மா, “ஏன்டா, நம்ம சனங்க ஜாதகம் பாக்கறதில்லையே, அத்தைக்கு எதுக்கு நட்சத்திரம் போட்டிருக்குது?” என்று கேட்டார்கள். நட்சத்திரத்தைப் பார்த்தால் பக்கத்தின் அடியில் ஏதாவது குறிப்பு இருக்கும் என்று கண் கீழே ஓடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டு அடைப்புக்குறி போட்டேன். அத்தையைக் கோழிக்கூண்டில் அடைத்த மாதிரி ஆயிற்று. பிறகு எழுத்துக்கு எழுத்து இடம் விட்டுப் பரப்பினேன். அ டு த் த வீ ட் டு. ‘டு’வுக்கும் ‘த’வுக்கும் நடுவே ஒரு சந்தில் புள்ளி வைத்த எழுத்து தனியாக நின்று விழிக்கிறது. படித்தால் பல் விழுந்தவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. அடியில் கோடு இழுக்கலாம் என்றால், என்னிடமுள்ள பித்தளைக் கோடுகளெல்லாம் பக்கத்தின் அகலத்துக்கு வெட்டியவை. பெயருக்குப் போட்டால் வரி முழுதும் ஓடும்.

கடைசியில் வழி கிடைத்தது. கமாவைத் தலைகீழாக நிறுத்தினால் மேற்கோள் குறி! பெயருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பார்க்க லட்சணமாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள், உங்கள் அத்தையும் விருந்தும் மாப்பிள்ளையும் காதில் கடுக்கன் போட்டுக்கொண்டுதான் ஊருக்குள் வருவார்கள். இது பத்திராதிபரின் வாக்கு.

பாஸ்கல்


கொழிஞ்சாம்பாறை
18-1-1934

கத்தரீனாள் டீச்சருக்கு,

இத்துடன் நல்லூற்று தை மாத இதழ். உங்கள் கட்டுரை ஐந்தாம் பக்கத்தில்.

ஒரு சின்னச் சங்கதி. செபஸ்தியார் திருவிழாவுக்கு என்று பங்குச் சாமியார் அர்ச்சியசிஷ்டவர்களை எல்லாம் பேர் பேராகக் கூப்பிடுகிற மன்றாட்டைக் கொடுத்து உடனே அச்சடிக்கச் சொல்லிவிட்டார். அர்ச். இராயப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். அர்ச். சின்னப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு கமா. மோட்சத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அச்சுக்கோக்கும்போதுதான் தெரிகிறது. கடைசியில் வந்த வேதசாட்சிகளுக்கே கமா போதவில்லை. அவர்களுக்கு நான் முற்றுப்புள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் கட்டுரைக்குக் குறி இல்லை. ஓலை வாசிக்கும் முதல் ஞாயிறன்று இதழ் எல்லார் கையிலும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் பத்திரிகையில் என் வருங்கால மனைவி எழுதியிருக்கிறாள் என்று நாலுபேர் பார்க்கட்டுமே! படிக்கிறவர்கள் என்ன, புரிந்துகொள்ள மாட்டார்களா?

அவசரத்தில்,
பாஸ்கல்


தேவிகுளம்
23-1-1934

பத்திராதிபருக்கு,

புரிந்துகொண்டார்கள்.

உங்கள் பத்திரிகையில் வந்திருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன். நீங்கள் அச்சுக்கோத்ததுதான், இருந்தாலும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

மலையேறி வந்த மாப்பிள்ளை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆரம்பத்திலேயே அலுப்புத் தட்டியது. பாதியில் விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பெரியவர்கள் மனம் நோகக்கூடாதே என்று பொறுத்துக்கொண்டேன்.

இதற்கு அடியில் கத்தரீனாள், தேவிகுளம் என்று என் பேர். பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகாத நிலையில்!

இதழ் வந்த அன்று ஆபீசில் குமாஸ்தா சத்தமாகப் படித்திருக்கிறார். அப்பா கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று அதைக் கேட்டுவிட்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் வந்தார். “ஏளா, மாப்பிள்ளையப் பிடிக்கலைன்னா வீட்டுல சொல்லக்கூடாதா? அச்சுப் போட்டா ஊருக்குச் சொல்லுவ?” என்றார். நான், “அப்பா, அது மலையேறி வந்த மாப்பிள்ளைங்கிற கதைப்பா!” என்று கத்தினேன். கத்தியதைக் கேட்டுப் பக்கத்து லயத்துப் பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் மலை முழுவதும் வீடு வீடாகப் போய் நான் கத்த முடியுமா? மறுநாள் தேயிலைக் காட்டுக்குப் போகிற வேலுத்தாய் என்னைப் பார்த்து, “டீச்சரம்மா, மாப்பிள்ளை வேண்டாம்னா எங்கிட்டச் சொல்லுங்க, எந்தங்கச்சிக்குப் பாக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாள்.

உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? உங்கள் அம்மா படித்தார்களா? எனக்குக் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. வாக்குக் கொடுத்தீர்களே!

சி. கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
28-1-1934, ஞாயிறு

சேசு மரி சூசை துணை.

கத்தரீனாள் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் மேலே சேசு மரி சூசை இல்லாததைப் பார்த்ததுமே கோபம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டேன். தப்பு என்னுடையது. ஆனால் இன்று காலை நடந்ததைக் கேட்டால் கோபப்படக்கூட உங்களுக்கு நேரம் இருக்காது.

முதல் ஞாயிறு ஓலை நல்லபடியாக வாசித்தாயிற்று. இன்று இரண்டாவது ஓலை. வாசித்து முடித்து, தடை தெரிந்தவர் உண்டா என்று சாமியார் கேட்டார். கேட்கிற வழக்கம்தான், யாரும் வாய் திறப்பதில்லை. இன்று என் தாய்மாமன் செபாஸ்டின் எழுந்துவிட்டார். கையில் நல்லூற்று.

“சாமி, ஒரு நிமிசமுங்க. அந்தப் புள்ளைக்கு மாப்பிள்ளையப் புடிக்கலீங்க. அச்சுலயே போட்டிருக்குதுங்க. பெரியவங்களுக்காகப் பொறுத்துக்கிட்டேன்னு எழுதியிருக்குது. இஷ்டமில்லாத புள்ளையக் கட்டி வெச்சா நம்மளுக்குத்தானுங்க பாவம்.”

மாமாவைத் தப்பாக நினைக்காதீர்கள். கட்டிக்கொடுக்க அவருக்குப் பெண் கிடையாது, எங்களோடு மனஸ்தாபமும் கிடையாது. முகம் தெரியாத உங்களுக்காகத்தான் அவர் எழுந்து பேசினார். நல்ல மனுஷர் என்பதால் அவரை யாரும் உட்கார வைக்கவும் முடியவில்லை. அம்மா மட்டும் பெண்கள் பக்கத்திலிருந்து, “அண்ணா, உக்காருங்க” என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து நீங்கள் எழுதிய கையெழுத்துப் பிரதியையே எடுத்து மாமாவிடம் காட்டினேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். புரிந்தது. “பாருடா பாஸ்கலு, செவப்பு மையில கோடு இழுத்து அழுத்திச் சொல்லியிருக்குது!” என்றார். அம்மா என்னைப் பார்த்து, “உன்னையப் பத்தி எழுதினத நீயே அச்சுப் போட்டியாடா?” என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சாப்பிடவே உட்காரவில்லை.

சாமியார் சொன்னது இதுதான். பெண் தன் கைப்பட எழுதி, உங்கள் பங்குச் சாமியார் அதில் கையெழுத்துப் போட்டு, வரும் ஞாயிறுக்குள் இங்கே வந்து சேர வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது ஓலை கிடையாது. ஓலை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை. தவக்காலம் வந்துவிடும், அண்ணன் போய்விடுவார். அம்மா ஏற்கெனவே, “இத்தோட உட்டுரலாம்” என்கிறார்கள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அச்சுக்கோப்பவன் எழுத்தைத் தலைகீழாகப் பார்க்கிறவன். எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. இன்று கோயிலில் மாமா சத்தமாகப் படித்தபோதுதான் அந்த நாலு வரியையும் நேராகக் கேட்டேன். அன்று மலையில் நீங்கள் என்னோடு பேசியதே ஒரே ஒரு வாக்கியம். அந்தக் கதையை நான் படித்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. கேட்கக்கூடாதுதான், கேட்கிறேன். அப்படி ஒரு கதை இருக்கிறதா?

பாஸ்கல்


தேவிகுளம்
31-1-1934

சேசு மரி சூசை துணை. (கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.)

பத்திராதிபருக்கு,

அப்படி ஒரு கதை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நான் அழுதேன் என்று எழுதப் போவதில்லை. ஆனால் அழுதேன்.

இருக்கிறது. பெரிய குமாஸ்தாவின் மனைவி ஞானஜோதி அக்காளுடைய புத்தகம். முதல் தாளைக் கிழித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். “தாளக் கிழிச்சா ஒன்னையக் கிழிச்சிருவேன்” என்றார்கள். பார்சலில் அனுப்பினால் ஞாயிறுக்குள் வராது. ஆகவே கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாப்பிள்ளை மலையேறி வருகிறான். வழியில் அவனை அட்டை கடிக்கிறது. கடித்ததிலிருந்து ஐம்பது பக்கம் அழுகிறான். கடைசியில் பெண் அவனையே கட்டிக்கொள்கிறாள், ஏன் என்று எழுதியவருக்கும் தெரியவில்லை. அவ்வளவுதான். இதை யாருக்குப் பிடிக்கும்?

நீங்கள் வந்த அன்றும் மழை. உங்களையும் அட்டை கடித்தது. நீங்கள் உப்பு கேட்டு வாங்கிக் காலில் வைத்துக்கொண்டு, உங்கள் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள். வேட்டியில் ரத்தம் பட்டிருந்ததை யாருக்கும் தெரியாமல் மடித்துவிட்டுக்கொண்டீர்கள். ஒரு வாக்கியம்தான் பேசினேன், சரி. கதவிடுக்கில் நின்று பார்க்கிறவள் எத்தனை வாக்கியம் பேச முடியும்?

உங்கள் மாமா எனக்காக எழுந்தார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அப்படி ஒருவர் இருக்கிற வீட்டுக்கு வரலாம் என்றுதான் தோன்றியது. இதை அவரிடம் சொல்லுங்கள்.

நேற்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டே வகுப்பில் நின்றேன். நான் சிவப்புக் கோடு போட்டேன். உங்கள் மாமாவுக்கு அது அழுத்தமாகத் தெரிந்தது. நீங்கள் நட்சத்திரம் போட்டீர்கள். உங்கள் அம்மாவுக்கு அது ஜாதகமாகத் தெரிந்தது. கமா இருந்திருந்தாலும் யாராவது அதை ஈ என்று தட்டிவிட்டிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு அப்பாவிடம் நான் கத்தினேனே, அவருக்கு மட்டும் எப்படி உடனே விளங்கிற்று? நான் வாயால் கோடு போட்டேனா, கமா போட்டேனா? மாப்பிள்ளைங்கிற கதை என்றேன். அந்த ‘ங்கிற’ நான் யோசிக்காமலே என் வாயில் வந்துவிட்டது. பேசும்போது யாரும் அதை விடுவதே இல்லை, கவனித்துப் பாருங்கள். எழுத உட்கார்ந்ததும் அழகு பார்த்து அதை நான்தான் அடித்தேன். தப்பு முழுவதும் உங்களுடையது இல்லை. பாதி என்னுடையது. கால் பங்கு அர்ச்சியசிஷ்டவர்களுடையது.

ஆகவே இனி எனக்குக் கமா வேண்டாம். இத்துடன் எங்கள் பங்குச் சாமியார் சாட்சிக் கையெழுத்தோடு நான் எழுதிய காகிதம் இருக்கிறது. உங்கள் சாமியாரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அதில் உள்ள இரண்டு வரியையும் அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுங்கள். ஊரார் முன்னால் கெட்டது ஊரார் முன்னால்தான் சரியாக வேண்டும். உங்களிடம் இருக்கிற தேய்ந்த எழுத்தே போதும். ஒரு நட்சத்திரம், ஒரு கோடு, ஒரு புள்ளி நீங்களாகச் சேர்க்கக்கூடாது.

இரண்டாவது வரியைப் பார்த்து எங்கள் சாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இத எழுதத்தான் வேணுமாம்மா?” என்றார். “அது இல்லாம மொத வரி நிக்காது சாமி” என்றேன். அப்பா வெளியே போய்விட்டார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

சி. கத்தரீனாள்


கொழிஞ்சாம்பாறை
4-2-1934, ஞாயிறு

சேசு மரி சூசை துணை.

கத்தரீனாளுக்கு,

டீச்சரை விட்டுவிட்டேன், கவனித்திருப்பாய். ‘கவனித்திருப்பீர்கள்’ என்று மாற்றலாம் என்று பேனாவை எடுத்தேன். மாற்றவில்லை.

உன் காகிதம் நேற்றுக் காலை வந்தது. முதலில் நான் கேட்ட அந்தக் கேள்விக்கு மன்னிப்பு. நீ எழுதிய அட்டைக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா அப்போதே எழுந்துபோய் அந்த வேட்டியை எடுத்து வந்து கறையைப் பார்த்தார்கள். “இத்தன நாளும் இது வெத்தலைக் கறைன்னுல்ல நெனச்சிருந்தேன்” என்றார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும் அவர்கள் கண்ணில் படவில்லை.

மத்தியானத்துக்குள் கோத்து, பொழுது சாய்வதற்குள் அச்சடித்துவிட்டேன். உள்ளங்கை அகலக் காகிதம். மன்றாட்டு முடிந்து கமாவெல்லாம் பெட்டிக்குத் திரும்பியிருந்தது. ஒன்றைக்கூடத் தொடவில்லை. இன்று காலை கோயில் வாசலில் நானே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நீ எழுதியது எழுதியபடி:

மலையேறி வந்த மாப்பிள்ளை என்னும் கதை எனக்குப் பிடிக்கவில்லை.
மலையேறி வந்த மாப்பிள்ளை எனக்குப் பிடித்திருக்கிறது.

சாமியார் உன் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர் உண்டா என்று கேட்டார். கோயில் முழுவதும் திரும்பி மாமாவைப் பார்த்தது. மாமா எழுந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. காகிதத்தைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து இரண்டு வரியையும் சத்தமாகப் படித்தார். முதல் வரியை ஒரு தடவை, இரண்டாவதை இரண்டு தடவை.

“புள்ளைக்குக் கதையத்தானுங்க சாமி புடிக்கல. ஆளப் புடிச்சிருக்குதாமுங்க. தடையில்லீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் ஒரே சிரிப்பு. சாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், முதுகு குலுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது.

வெளியே வந்ததும் ஒருத்தி அம்மாவிடம், “ஏனுங்க செபமாலையக்கா, ஊரே படிக்கற மாதிரியா ஒரு பொம்பளப் புள்ள இப்படி எழுதறது?” என்று கேட்டாள். அம்மா, “எம்மருமக எழுதாம வேற யாரு எழுதுவாங்க? உம்மருமகளுக்கு உம்மவனப் புடிச்சிருக்குதுன்னு உனக்கு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்கறாங்களா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். அந்தக் காகிதத்தை இப்போது செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

மாமா தன் காகிதத்தை அரிசிக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அந்தக் கதைப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று இதுவரை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். பிடிக்கவில்லை என்று எழுதினால் இப்படியும் விற்கும் போலிருக்கிறது. ஞானஜோதி அக்காளிடம் சொல்லிவிடு.

சனிக்கிழமை புறப்படுகிறோம். மாமாவும் வருகிறார், உன்னை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டால்தான் அவருக்கு மனசு ஆறுமாம். பை நிறைய உப்புக் கட்டி வைத்திருக்கிறார்.

உன்
பாஸ்கல்


தேவிகுளம்
8-2-1934

சேசு மரி சூசை துணை.

நல்லூற்று பத்திராதிபருக்கு,

இது தபாலில் வராது. நீங்கள் மலையேறி வந்திறங்கியதும் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி ரோசியிடம் கொடுத்திருக்கிறேன். அவள் படித்துவிட்டுத்தான் கொடுப்பாள், பரவாயில்லை.

‘கவனித்திருப்பாய்’ என்று எழுதியதைக் கவனித்தேன். மாற்றியிருந்தால் நான் கோபித்திருப்பேன்.

அம்மாவுக்கு இரண்டாவது வரி தெரிந்துவிட்டது. வேலுத்தாய் சொல்லிவிட்டாள். ஒரு நாள் பேசவில்லை. மறுநாள் காலை, பத்திரிகை எழுதுகிற மாப்பிள்ளைக்கு வடை பிடிக்குமா, அதிரசம் பிடிக்குமா என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். “அதெல்லாம் எழுதிக் கேக்க மாட்டியாக்கும்” என்று சொல்லிவிட்டு இரண்டையும் சுட உட்கார்ந்துவிட்டாள். அப்பா யார் வந்தாலும் அந்த ரெண்டு வரியை ஒப்பிக்கிறார். துரைக்குக்கூட இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாராம். துரைக்குப் புரியவில்லை, இங்கிலீஷில் ‘ங்கிற’ இல்லை போலிருக்கிறது.

உங்கள் மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். நான் இரண்டு வார்த்தையாகவே பதில் சொல்கிறேன்.

அடுத்த இதழுக்குக் கட்டுரை தயார். இனி வரிக்கு வரி ‘என்னும்’ போட்டு எழுதப் போகிறேன், எழுத்துப் பெட்டியில் போதிய ‘னு’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சுக்கூடத்துக்கு வந்த பிறகு நானே எண்ணிப் பார்ப்பேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். உங்களுக்கு எல்லாவற்றையும் சேர்த்துச் சேர்த்துப் போடுகிற பழக்கம் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பீடத்துக்கு முன்னால் சாமியார் உங்களைப் பார்த்துச் சம்மதமா என்று கேட்பார். நட்சத்திரம் வேண்டாம், கோடு வேண்டாம், கமா வேண்டாம். தயவுசெய்து ‘என்னும்’கூட வேண்டாம். வெறும் சம்மதம் என்று சொல்லுங்கள். அது எனக்குப் புரியும்.

கத்தரீனாள்